அப்பாவின் பெயரில் சொன்ன பகிடிகள்

"நீ நல்லாப் பகிடி விடுறாய்" என்று நண்பர்கள் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதை நம்பி மேடை ஏறக் கூடாது. நண்பர்களின் சிரிப்பை நம்பி மேடை ஏறுகிறவன், தாய்க் காகம் கொடுத்த சான்றிதழோடு அழகுப் போட்டிக்குப் போன குஞ்சுக்குச் சமம்.

நான் போனேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொழும்பில் திடீரென்று எல்லோருக்கும் ஏதாவது ஒரு கலை வந்திருந்தது. ஒருவன் படம் பிடித்தான், ஒருவன் கவிதை வாசித்தான், ஒன்றும் வராதவன் தாடி வளர்த்தான். எனக்கு ஸ்டாண்ட்-அப் கொமெடி வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் தனியே நின்று சனத்தைச் சிரிக்க வைக்கும் வேலை அது. (சனம் சிரிக்காவிட்டால், மேடையில் தனியே நிற்கும் வேலை.)

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. கிரிதரன் என்று பெற்றோர் வைத்த பெயரை வெட்டிக் 'கிரி' ஆக்கியிருந்தேன். கலைஞனுக்கு நீளமான பெயர் பாரம் என்று எங்கேயோ வாசித்த ஞாபகம். வெள்ளவத்தைப் புழுக்கத்தில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், காற்று வராத மூன்றாம் மாடி வீட்டில், காலையிலிருந்து மாலை வரை கறுப்பு ரீசேட் போட்டுக்கொண்டு திரிந்தேன். குளியலறையில் பல்துலக்கியை மைக்காகப் பிடித்துப் பயிற்சி செய்தேன். கீழ்வீட்டு அன்ரி ஒருநாள் படியேறி வந்து, "தம்பி ஆரோடையோ சண்டை பிடிக்கிறார் போல கிடக்கு, எல்லாம் சரிதானே?" என்று அம்மாவிடம் மெதுவாக விசாரித்துவிட்டுப் போனார். அந்த அன்ரிதான் என்னுடைய முதல் விமர்சகர். அவரோடு நின்றிருக்கலாம்.

பகலில் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. 'நான் நேராகத்தான் ஓட்டினேன், மரம்தான் குறுக்கே வந்தது' என்ற ரீதியில் எழுதி நட்டஈடு கேட்பவர்களின் விண்ணப்பங்களை வாசிப்பது என் பொறுப்பு. அந்த மனிதர்கள் எல்லோரும் என்னைவிட நல்ல கதைசொல்லிகள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாலையில் வசதியானவர்கள் வசிக்கும் கொழும்பு ஏழில் ஒரு கோப்பிக் கடைக்குப் போவேன். அங்கே கிழமைக்கு ஒருநாள் யாரும் மேடையேறலாம். எல்லாம் ஆங்கிலத்தில். நான் பேசிய ஆங்கிலம் வெள்ளவத்தையிலும் பேசப்படுவதில்லை, இங்கிலாந்திலும் பேசப்படுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ கடலில் மிதந்துகொண்டிருந்த ஒன்று. கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் தங்கள் முறைக்காகக் காத்திருந்த மற்றக் கொமெடியன்கள். அவனுக்கு நான் சிரித்தேன், எனக்கு அவன் சிரித்தான். கல்யாண வீட்டு மொய் மாதிரித்தான். இதை நான் 'வரவேற்பு' என்று நினைத்துக்கொண்டேன்.

என் பகிடிகள் எல்லாம் அப்பாவைப் பற்றியவை. உலகம் முழுவதும் கொமெடியன்கள் அப்பாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தேன். ஆகவே எனக்கும் ஒரு அப்பா தேவைப்பட்டார். நல்லவேளையாக வீட்டில் ஒருவர் இருந்தார்.

உண்மையான அப்பா அதிகம் கதைக்காதவர். வேலைக்காலம் முழுவதையும் றெயில்வேயில், தெமட்டகொடை யார்டில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். காலையில் பத்திரிகை, மாலையில் கடற்கரையோரம் ஒரு நடை, போகிற ரயிலைப் பார்த்து "பிந்தித்தான் போறான்" என்று ஒரு வசனம். அவ்வளவுதான் அவருடைய ஒருநாள் பேச்சு. மேடையில் நான் காட்டிய அப்பாவோ கடையிலும் தெருவிலும் ரயிலிலும் போகிற இடமெல்லாம் முட்டாள்தனம் செய்துகொண்டிருந்தார். அவருக்கு இத்தனை முட்டாள்தனமும் எங்கிருந்து வந்தது என்று கொழும்பு ஏழில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மாவைப் பற்றி ஒரு பகிடியும் செய்யவில்லை. பயம். அம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர்; வீட்டில் ஏ.எல். சோதனை எழுதும் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தார். பிழை ஒன்று கண்ணில் பட்டால் அதைத் தாண்டிப் போக அம்மாவுக்குத் தெரியாது. உறவினர் வீட்டுக் கல்யாண அழைப்பிதழில் இருந்த எழுத்துப்பிழையைச் சிவப்புப் பேனையால் திருத்தி, மாப்பிள்ளையின் தகப்பனிடமே திருப்பிக் கொடுத்தவர். அந்தக் குடும்பம் இன்றுவரை எங்களோடு அளவாகத்தான் கதைக்கும்.

இந்த இலட்சணத்தில் நான் ஒரு இணைய வானொலிக்குப் பேட்டி வேறு கொடுத்தேன். "நகைச்சுவை எண்டிறது உண்மையைச் சொல்லுற துணிவு. என்ர மேடையில பொய்க்கு இடமில்லை" என்றேன். பேட்டி எடுத்த பெண் கொட்டாவி விட்டது ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கும். அதை ஆழ்ந்த மூச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ரிஸ்வான் வந்தான். கோப்பிக் கடையில் என்னோடு மேடையேறும் தெமட்டகொடைப் பொடியன். எங்கள் கூட்டத்தில் உண்மையிலேயே சிரிப்பு மூட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். (இதையும் நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை.)

"மச்சான், தமிழ்ல ஒரு ஷோ போடுவம்" என்றான். "கொட்டாஞ்சேனைல ஹோல் பேசியாச்சு. டொரன்டோல இரிந்து பத்மன் எண்டு ஒருத்தர் வந்தீக்கிறார். அங்க தமிழ் ஆக்களுக்கு ஷோ நடத்துறவர். நல்லாச் செய்ற ஒருத்தர இங்க இரிந்து கூட்டிப் போகப் போறாராம்."

"ஒருத்தரையோ?"

"ஒருத்தரத்தான்."

அந்த ஒருத்தர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நிகழ்ச்சிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை கம்பனியில் இராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். அதில் 'கலையின் அழைப்பு' என்று ஒரு சொற்றொடர் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகும்.

முன்பு மண்டபத்தின் பெயரைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் இடறியிருந்தது. அம்மா படிப்பித்த அதே பாடசாலையின் மண்டபம். ஆனால் அம்மா ஓய்வு பெற்றுவிட்டார், ஆகவே அவருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் இனித் தொடர்பில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். காப்புறுதிக் கம்பனியில் இப்படி ஒரு தர்க்கத்தை யாராவது எழுதியிருந்தால் விண்ணப்பத்தை அப்படியே நிராகரித்திருப்பேன்.

வீட்டில் நிகழ்ச்சியன்றைக்கு அலுவலகப் பயிற்சி என்று சொன்னேன். அம்மா, "எத்தினை மணிக்கு முடியும்?" என்று மட்டும் கேட்டார். அப்பா பத்திரிகையைத் திருப்பினார். தங்கை தாரணி எதையோ விழுங்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கவனித்திருக்க வேண்டும். மனிதர்களைக் கூர்ந்து கவனிப்பதுதான் என் தொழில் என்று அதே வானொலிப் பேட்டியில் சொல்லியிருந்தேன்.

நடந்தது இதுதான். கொட்டாஞ்சேனை மதில்கள் எல்லாவற்றிலும் என் முகம் ஒட்டியிருந்தது. அம்மாவிடம் ரியூஷனுக்கு வருகிற பிள்ளை ஒன்று அதைப் போனில் படம் எடுத்து, "டீச்சர், உங்கட மகன்" என்று காட்டிவிட்டது. அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நான் பதற்றப்பட்டுச் சரியாகச் செய்யமாட்டேன் என்று நினைத்திருக்கிறார். ஒரு வான் பிடித்து, அப்பாவையும் தாரணியையும் கீழ்வீட்டு அன்ரியையும் ஏற்றிக்கொண்டு, அப்பாவோடு யார்டில் வேலை செய்த சோமபால மாமாவைத் தெமட்டகொடையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சோமபால மாமாவுக்குத் தமிழ் தெரியாது. 'உன் மகன் மேடையேறுகிறான் என்றால் நான் வராமல் எப்படி' என்று வந்தாராம். அப்பா அன்றைக்கு வெள்ளைச் சேட்டு ஒன்றை ஸ்திரி போட்டு அணிந்திருந்தார். இதைத் தாரணி பிறகுதான் சொன்னாள். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

மேடையில் ஏறினால் விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கும். எதிரே இருப்பவர்களின் முகம் தெரியாது, உருவம்தான் தெரியும். முன்வரிசையில் பத்மன் அண்ணையின் மூக்குக் கண்ணாடி மட்டும் மின்னியது. மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு முன்னால் போன ரிஸ்வான் தன்னுடைய சொந்தக் கல்யாணப் பேச்சுவார்த்தை ஒன்று கவிழ்ந்த கதையைச் சொல்லிக் கூரையைக் கிளப்பிவிட்டிருந்தான். 'பாவம், தன்னைத்தானே தாழ்த்திக்கொள்கிறான், இன்னும் வளரவில்லை' என்று திரைக்குப் பின்னால் நின்று அவனுக்காக இரங்கினேன்.

என் முறை வந்தது. மல்லிப் பகிடியோடு தொடங்கினேன்.

"எங்கட அப்பா இருக்கிறாரே, ஒருநாள் பாமன்கடையில ஒரு சிங்களக் கடைக்கு மல்லி வாங்கப் போனவர். சமையலுக்குப் போடுற மல்லி. சிங்களத்தில கேக்கோணும் எல்லோ. கடைக்காரரிட்டப் போய், 'மல்லி காலக் தென்ன' எண்டிட்டார்."

சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. அப்பா கடைக்காரரிடம் கேட்டது, தம்பியில் கால் கிலோ. கொட்டாஞ்சேனைக்கு இதை விளக்க வேண்டியதில்லை, சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் இருட்டில் ஒரு பக்கத்தில் யாரோ சிங்களத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு ஒரு பெரிய குரல், "ஒயாத?" என்றது. நீயா, என்று யாரோ யாரையோ கேட்கிறார்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறான் போல என்று நினைத்தேன். உண்மையில் அங்கே அப்பா என்னுடைய பகிடியை ஒரு சொல் விடாமல் சோமபால மாமாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பொம்மைப் பகிடி. அப்பா காலி வீதியில் பெரிய துணிக்கடை ஒன்றுக்குப் போகிறார். வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மையை விற்பனைப் பெண் என்று நினைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு அளவில் காற்சட்டை இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். அது பதில் சொல்லாததால், "தாங்க்யூ மிஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறார். இதை நான் நடித்துக் காட்டுவேன். பொம்மையாகவும் நிற்பேன். (பொம்மையாக நிற்பதுதான் என் நடிப்பின் உச்சம்.)

சிரிப்பு வந்தது. நெஞ்சு விரிந்தது. அப்போது நடுவரிசையில் ஒரு கை உயர்ந்தது. முகம் தெரியவில்லை, சேலை என்பது மட்டும் தெரிந்தது. சபையில் ஒருவரைப் பிடித்துக் கலாய்ப்பது கொமெடியனின் திறமைக்கு அடையாளம். விடுவேனா?

"அங்க ஒரு அம்மா கை உயர்த்துறா. அம்மா, டொய்லெட் வலது பக்கம், கதவைத் திறந்தோடன."

"எனக்குத் தெரியும்" என்றது அந்தக் குரல். "இஞ்ச படிப்பிச்சுத்தான் நான் ஓய்வு பெற்றனான்."

இருபத்துநான்கு வருடம் கேட்ட குரல்.

அம்மா எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் மண்டபத்தில் பாதிப் பெண்கள் தாங்களும் அரைவாசி எழுந்துவிட்டார்கள். எல்லோரும் அம்மாவிடம் படித்தவர்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள்கூட எழுந்தார்கள். அம்மா, "இருங்கோ பிள்ளையள்" என்றார். இருந்தார்கள்.

"ஒரு சின்னத் திருத்தம்" என்று அம்மா தொடங்கினார். குரலில் கோபமில்லை. கரும்பலகையில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருப்பதைச் சொல்லும் தொனி. "துணிக்கடைப் பொம்மையோட கதைச்சது அப்பா இல்லை. நீ."

அம்மா தொடர்ந்தார்.

"முப்பத்திரண்டு சைஸ் கேட்டதும் நீதான். அது பதில் சொல்லேல்லை எண்டு வீட்டை வந்து, 'அந்தக் கடைப் பிள்ளையளுக்குச் சரியான பெருமை' எண்டு சொன்னதும் நீதான்."

அந்தச் சிரிப்பைப் போல ஒன்றை நான் அதற்கு முன் மேடையில் கேட்டதில்லை. அது என் சிரிப்பு இல்லை என்பதுதான் பிரச்சினை.

அம்மா சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார். ஆசிரியருக்கே உரிய பொறுமை. "மல்லியும் நீதான். அதில ஒரு பகுதியை விட்டிட்டாய். கடைக்காரர் 'எந்தத் தம்பி' எண்டு கேக்க, 'வறுத்து இடிச்சது' எண்டு சிங்களத்தில விளங்கப்படுத்தினனீ. அந்த மனிசன் என்னைக் கண்டு, மகனுக்குச் சுகமில்லையோ எண்டு விசாரிச்சவர்."

பத்மன் அண்ணை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். திரைக்குப் பின்னால் ரிஸ்வான் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருவன் கும்பிட்டுவிட்டு இறங்கியிருப்பான். எனக்குத் தோன்றியது வேறு. டொரன்டோ இன்னும் முன்வரிசையில்தான் இருக்கிறது, கைவசம் என்னுடைய மிகச் சிறந்த பகிடி மிச்சம் இருக்கிறது, அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்பா என்ற இடத்தில் 'பக்கத்து வீட்டு அங்கிள்' என்று மாற்றிச் சொன்னால் போதும். வேலையையும் விட்டாயிற்று. வேறு வழியில்லை.

"இப்ப ஒரு றெயின் கதை" என்று தொடங்கினேன். மாதக்கணக்காகக் குளியலறையில் பழகிய நாக்கு. மூளை 'அங்கிள்' என்றது, நாக்கு 'அப்பா' என்றது.

"எங்கட அப்பா, வாழ்நாள் முழுக்க றெயில்வேயில வேலை செய்த மனிசன், ஒருநாள் கோட்டை ஸ்டேசனில பிழையான றெயின்ல ஏறிட்டார். காலிக்குப் போற எக்ஸ்பிரஸ். வெள்ளவத்தையில நிக்காது. கையில தங்கச்சியின்ர பிறந்தநாள் கேக். வீட்டுக்காரர் எல்லாம் பிளாட்போமில நிக்கினம். அப்பா வாசலில நிண்டு கேக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போறார்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில், அதுவரை இருட்டில் கேட்டுக்கொண்டிருந்த முணுமுணுப்பு நின்றுவிட்டதைக் கவனித்தேன். "மொகத கிவ்வே?" என்று சோமபால மாமா கேட்டார். என்ன சொன்னான் என்று கேட்கிறார். மறுபடியும் கேட்டார். மல்லியையும் பொம்மையையும் தன் பெயரிலேயே சிரத்தையாக மொழிபெயர்த்த அப்பா, இதை மொழிபெயர்க்கவில்லை.

அப்பா எழுந்து நின்றார்.

சபையில் அப்பா எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. கோயில் கூட்டத்தில்கூடப் பின்வரிசையில்தான் இருப்பார். வெள்ளைச் சேட்டு மட்டும் எனக்குத் தெரிந்தது.

"நான் ஒருநாளும் பிழையான றெயின்ல ஏறினதில்லை" என்றார்.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவுமில்லை. அலுவலகத்தில் பெரியவர் முன்னால் நின்று தன்மேல் வந்த முறைப்பாட்டுக்குப் பதில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, இருந்துவிட்டார்.

கொழும்பு ஏழில் எத்தனை கிழமை அந்த மனிதரை ரயிலில் ஏற்றி இறக்கியிருப்பேன். ஒருநாளும் அவர் முகம் நினைவுக்கு வரவில்லை. இப்போது முகம் தெரியாத இருட்டில் அது மட்டும்தான் தெரிந்தது.

"அது நான்" என்றேன். மேடைக்குரல் எங்கோ போய்விட்டிருந்தது. கறிக்கடையில் மிச்சக் காசு கேட்கிற குரல்தான் வந்தது. "அது அப்பா இல்லை. போன வருசம் நான்தான் ஏறினனான்."

பத்மன் அண்ணை மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி ஏறினனீர்?"

"பகிடி ஒண்டை யோசிச்சுக்கொண்டு ஏறிட்டன்."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"எங்க இறங்கினனீ?" இது அம்மா. அவருக்கு விடை தெரியும். மாணவன் தானே சொல்ல வேண்டும் என்ற முறை.

"பாணந்துறையில."

"பிறகு?" இப்போது பின்வரிசையிலிருந்து யாரோ.

"பிறகு திரும்பி வாற றெயின்ல ஏறினனான்."

"பிறகு?" நாலைந்து குரல்.

அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கொழும்பு ஏழுக்கும் சொன்னதில்லை. ஆனால் அந்த நிலையில் மறைக்க எதுவும் மிச்சமிருக்கவில்லை.

"அதுவும் வெள்ளவத்தையில நிக்கேல்லை" என்றேன். "அம்மாவும் தங்கச்சியும் இன்னும் பிளாட்போமில நிண்டவை. திரும்பவும் கேக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனனான்."

மண்டபம் உடைந்தது. கதிரைகள் பின்னால் சரிந்த சத்தம் கேட்டது. அம்மாவிடம் படித்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள். ரிஸ்வான் திரைக்கு வெளியே வந்து தரையில் குந்திவிட்டான். நான் பொம்மையாக நின்றேன், இந்தமுறை நடிக்காமல். எல்லாம் ஓய்ந்து சனம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வேளையில், முணுமுணுப்பு மறுபடி தொடங்குவது கேட்டது. அப்பா மொழிபெயர்க்கிறார். கொஞ்ச நேரத்தில் சோமபால மாமா ஒருவர் மட்டும், ஊரே அடங்கிய பிறகு வெடிக்கும் வெடிபோல, தனியாகச் சிரித்தார். அதைக் கேட்டு மண்டபம் இரண்டாவது தடவை சிரித்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் பத்மன் அண்ணை திரைக்குப் பின்னால் வந்தார். என்னைத் தாண்டிக்கொண்டு போய், என்னைக் கூட்டிப்போக அங்கே வந்திருந்த அம்மாவின் முன்னால் நின்றார்.

"அம்மா, நீங்கள் டொரன்டோவுக்கு வருவியளோ?"

"என்ன பாடம் படிப்பிக்க?" என்று அம்மா கேட்டார்.

அவர் விளக்கினார். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, தனக்கு ஏ.எல். பிள்ளைகள் இருக்கிறார்கள், சோதனை வருகிறது, அதோடு தான் சபையில் பகிடி ஒன்றும் சொல்லவில்லையே என்றார். பத்மன் அண்ணை என் தோளைத் தட்டி, "உமக்கு நல்ல அம்மா, தம்பி" என்றார். டொரன்டோவுக்கு ரிஸ்வான் போனான். போக வேண்டியவன்தான்.

வீடு திரும்பிய வானில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. சோமபால மாமா தெமட்டகொடையில் இறங்கும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அப்பா முன் சீற்றில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் பல தடவை வாயைத் திறந்தேன். அவருடைய பிடரியைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. கொமெடியனாகிக் கறுப்பு ரீசேட்டில் சம்பாதித்த பேச்சுத் திறமை அந்த வானில் ஒரு சொல்லுக்கும் உதவவில்லை.

காலி வீதியில் திரும்பி, எங்கள் ஒழுங்கை முனையில் வான் வேகத்தைக் குறைத்தது. அப்பா தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"தம்பி, வெள்ளவத்தை. இது நிக்கும். இறங்கலாம்."

முதலில் தாரணியிடமிருந்துதான் சத்தம் வந்தது. பிறகு கீழ்வீட்டு அன்ரி. பிறகு அம்மா, கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு. சாரதி சிங்களவர், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார். அப்பாவின் தோள் இரண்டும் குலுங்குவதைப் பின்னால் இருந்து பார்த்தேன். அவர் அழுகிறார் என்று நினைத்துப் பயந்து எட்டிப் பார்த்தால், மனிதர் தன்னுடைய பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டிருக்கிறார். என் அறிவுக்கு எட்டியவரை அதுதான் அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பகிடி. நான் மாதக்கணக்காக உழைத்து வாங்க முடியாத சிரிப்பை ஒரு வசனத்தில் வாங்கிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை கம்பனிக்குப் போய் மெனேஜரின் கதவைத் தட்டினேன். இராஜினாமாவைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டேன். "எந்த இராஜினாமா?" என்றார். ஞாபகம் வந்ததும், "ஓ, அந்தக் கடிதமா? அதைப் பகிடி என்று நினைத்தேன். வீட்டில் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன், நன்றாகச் சிரித்தோம்" என்றார். நான் எழுதியவற்றில் கேட்காமலே சிரிப்பு வாங்கியது அது ஒன்றுதான்.

இன்றைக்கும் அதே கம்பனியில்தான் இருக்கிறேன். கறுப்பு ரீசேட்டைத் தாரணி மேசை துடைக்க எடுத்துக்கொண்டாள். அப்பாவின் வசனம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. நான் எந்த வாகனத்தில் எங்கிருந்து வந்தாலும் ஒழுங்கை முனையில் யாராவது அதைச் சொல்லாமல் இறங்க விடமாட்டார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை எப்படி என்று கேட்டவர்களுக்கு என் சொந்தத் தங்கை கொடுத்த நற்சாட்சி: "நல்லவர். ஏறிடுவார், இறங்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம்." அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனபடியால் சம்மதித்தார்கள்.

கல்யாணம் முடிந்து நானும் மனைவியும் வீட்டுக்கு வந்தபோது கார்க் கதவைத் திறந்தவர் சோமபால மாமா. வானில் அப்பா சொன்னது அவர் இறங்கிய பிறகு நடந்தது. அப்பா தானே அவரைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கோட்டும் சூட்டுமாகக் குனிந்து, எத்தனை நாள் பாடமாக்கினாரோ, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வசனத்தைச் சொன்னார்.

"தம்பி, வெள்ளவத்த. இது நிக்கும். எறங்கலாம்."

வாசலில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்பா கூரையைப் பார்த்தார். மனைவி என் கையைப் பிடித்து, "என்ன இது, எனக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

"அது ஒண்டுமில்லை, ஒருநாள் நான் றெயின்ல..." என்று நான் தொடங்கினேன்.

வாசலில் ஆராத்தித் தட்டோடு நின்ற அம்மா, தட்டைத் தாரணியிடம் கொடுத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.